தாதியாகப் போகும் மகள் சாப்பிட்டாளா?



உங்கள் குடும்பத்திலோ, உங்கள் லயத்திலோ, உங்களுக்குத் தெரிந்த வேறொரு வீட்டிலோ, தாதிப் பயிற்சிக்குப் போயிருக்கும் மகள் ஒருத்தி இருக்கக்கூடும். மூன்று ஆண்டுப் பயிற்சி, வெள்ளைச் சீருடை, விடுதி வாசம். விடுமுறைக்கு அவள் வீடு வந்ததும் நாம் கேட்கும் கேள்விகள் என்ன? சோதனை எப்போது, எந்த ஆஸ்பத்திரியில் நியமனம் கிடைக்கும், சம்பளம் எவ்வளவு? இவை வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் காலையில் என்ன சாப்பிடுகிறாய், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்பவர்கள் சிலரே. கேட்டாலும், "அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா" என்று அவள் சொல்லும்போது நம் முகத்தில் கவலையைவிடப் பெருமிதமே முந்திக்கொள்கிறது. "என் மகளுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை, அவ்வளவு நோயாளிகள்" என்று அயல்வீட்டில் சொல்லி மகிழ்கிறோம்.

அந்தப் பெருமிதம் நியாயமானதுதானா? பிறரைப் பேணுவதற்காகத் தன்னைப் பேணாமல் விடுவது புண்ணியமா, அல்லது புண்ணியத்தின் உடையை அணிந்துகொண்ட வேறொன்றா? இதைச் சற்று நிதானமாக யோசிப்போம்.

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பது எளிதல்ல. இங்கே ஒரு பெண் தாதியாவதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அரசாங்கத் தாதிப் பயிற்சியும் இல்லை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரு பெரும் பகுதியினரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது. மிஞ்சியவர்களின் வழக்கு 1988-ஆம், 2003-ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் முடிவுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதும் எழுபதுகளில் தொடங்கித்தான். இன்றைக்கும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை, வகுப்புக்காக ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் வரிசையில் நின்ற பாட்டியின் பேத்தி, இன்று பெரியாஸ்பத்திரி வாட்டில் மருந்துத் தட்டை ஏந்தி நிற்கிறாள் என்றால், நடுவில் எத்தனை பேருடைய வியர்வை இருக்கிறது! இப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், நீ ஒழுங்காக உண்பதில்லை, உறங்குவதில்லை என்று குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவளைச் சுற்றி நிற்கும் நம்மைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் விடுதி வாழ்க்கையைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வாட்டில் நிற்க வேண்டும். ஐந்தரைக்கு எழுந்தால் குளியலறைக்கு வரிசை. சீருடையை இஸ்திரி போட வேண்டும். தலைமுடியை ஒரு மயிர் பிரியாமல் கட்டி முடிய வேண்டும். எல்லாம் முடிந்து மிஞ்சும் பத்து நிமிடத்தில் ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். அதன்பின் படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது என்று ஓடியோடி, பகல் ஒரு மணிக்கு மேல் கன்டீனில் ஒரு ரோல்ஸ் அல்லது பணிஸ். இரவில் படிப்புக்கு நடுவே சுடுதண்ணீர் ஊற்றிய நூடில்ஸ். தண்ணீர் குடிப்பதும் குறைவு. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போவதற்கு எவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்; அதைவிடக் குடிக்காமலிருப்பது சுலபம். சிறுநீர்த் தொற்றைப் பற்றி விரிவுரையில் முழுப் பக்கம் குறிப்பெழுதியவளே அந்த நோவோடு படுக்கிறாள். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள்ளே கைத்தொலைபேசி எரிகிறது. அதைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை; வீட்டிலிருக்கும் நம் கதையும் அதுதானே.

இதையெல்லாம் அவள் அறியாமையால் செய்கிறாள் என்று சொல்ல முடியாது. சமநிலை உணவு எது என்று கேளுங்கள், அட்டவணை போட்டுத் தருவாள். இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள், படம் வரைந்து காட்டுவாள். அறிவு நிறைய இருக்கிறது. ஆனால் அது மற்றவர்களின் உடம்புக்கானது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தன் உடம்பு அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்கிறது. இந்த நினைப்பை அவளுக்கு யார் கற்பித்தார்கள்? கல்லூரியா?

ஒரு லயக்காம்பராவின் அடுப்படிக்கு வாருங்கள். விடியுமுன் நாலரைக்கு எழும் தாய், அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, புருஷனுக்கும் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பொட்டலம் கட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறாள். அவளுடைய ரொட்டி? மிஞ்சினால் கையில் ஒன்று. மிஞ்சாவிட்டால் வெறும் தேத்தண்ணி. மலையில் மழை, குளிர், முதுகில் கூடை. மத்தியானம் கொழுந்து நிறுத்த பிறகுதான் வயிற்றுக்கு ஏதாவது. இரவிலும் அவளே கடைசி. சட்டியின் அடியில் கிடப்பது அவளுடைய பங்கு. வீட்டில் ஒரு முட்டை பொரித்தால் அது மகனுக்கு, இல்லாவிட்டால் மகனுடைய தகப்பனுக்கு. மகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறாள். யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லவில்லை. ஆனாலும் கடைசியாகச் சாப்பிடுகிறவளே நல்ல பெண் என்பதை, தாதிக் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்னரே அவள் மனப்பாடம் செய்துவிடுகிறாள். (இப்போது ஆண் பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வருகிறார்கள், நல்லது. விடுதியில் அவர்களும் நூடில்ஸ்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் கடைசியாகச் சாப்பிடும்படி அவர்களுக்கு வீட்டில் எவரும் கற்பித்ததில்லை.)

இந்தப் பழக்கத்தின் விலை என்ன? 2016-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். இதற்குச் சம்பளமும் வீடும் தண்ணீரும் காரணங்கள். அவற்றை மறைத்துவிட்டுத் தாயின் தலையில் பழிபோடுவது அநியாயம். ஆயினும் இளைத்து வெளிறிய தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. தாய் தன்னை மறந்தால் பிள்ளைகள் தழைப்பார்கள் என்று நாம் நம்பிவந்தோம். பிள்ளைகள் தழைக்கவில்லையே!

இப்போது அந்த மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்ததையெல்லாம் வீட்டில் சொல்லத் துடிக்கிறாள். "அம்மா, வெத்தலையை விடுங்க. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்காதீங்க. முருங்கக் கீரை கிடைச்சா வாங்குங்க" என்கிறாள். அவள் சொல்வது அத்தனையும் சரி. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வது குறைகிறது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் அந்தக் கெடுதி பெரும்பாலும் நீங்கும். (தேயிலை மண்ணிலிருந்துகொண்டு தேயிலைக்கு விரோதம் பேசுவதாக எவரும் கோபிக்க வேண்டாம். பொறுத்துக் குடிக்கத்தான் சொல்கிறோம்.) தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். பிறகு மகளுடைய முகத்தைத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, "ஏன் புள்ள, நீ என்னத்தச் சாப்பிடுற? கண்ணு இப்பிடி வெளிறிக் கெடக்கு?" என்று கேட்கிறாள். மகள் என்ன பதில் சொல்வாள்?

வைத்தியர் குடிகாரராக இருந்தாலும் அவர் தரும் மருந்து மருந்துதான் என்றொரு தர்க்கம் உண்டு. தர்க்கத்தில் பிழையில்லை. மகள் பிஸ்கட்டில் உயிர் வாழ்வதால் முருங்கைக் கீரையின் சத்துக் குறைந்துவிடாது. ஆனால் தாய் தர்க்கம் பேசவில்லை. ஆயுள் முழுவதும் தன் உடம்பைக் கூடை சுமக்கும் கருவியாகவே கண்டு பழகியவள் அவள். "நம்மளப் போல உள்ளவங்க உடம்புக்கும் இதெல்லாம் உண்டா?" என்பதே அவள் கேட்காமல் கேட்பது. படித்த மகளே தன் உடம்பை அப்படித்தான் நடத்துகிறாள் என்று கண்டால், அந்தப் பாடத்தை அவள் மாளிகையில் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிவைத்துவிடுவாள். தாதி மாணவியின் உடல்நலம் அவளோடு நின்றுவிடுவதில்லை என்று சொல்வதற்கு இது முதல் காரணம்.

"அப்படியானால் தியாகம் என்ற ஒன்று இல்லையா? தன்னலத்தைக் கற்பிக்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். தியாகம் உண்டு. அதை நம் காலத்திலேயே கண்டோம். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த நோயாளியைப் பராமரித்த தாதி லினி புதுசேரிக்கும் நோய் தொற்றி, அந்த மாதம் 21-ஆந் தேதி அவர் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். பிறகு கொவிட் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகெங்கும் ஏறக்குறைய 1,15,000 சுகாதார ஊழியர்கள் அந்நோயால் மாண்டிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்கள் முன்னால் ஆபத்து வந்து நின்றது, இவர்கள் பின்வாங்கவில்லை. எதைக் கொடுத்தார்கள், யாருக்காகக் கொடுத்தார்கள் என்பதில் ஐயமே இல்லை.

காலை உணவைத் தவறவிட்ட மாணவி எதை, யாருக்குக் கொடுத்தாள்? அவள் உண்ணாத பாணை எந்த ஏழையும் உண்ணவில்லை. அவள் தூங்காத இரண்டு மணி நேரத்தில் எந்த நோயாளியும் நிம்மதியாகத் தூங்கவில்லை. கொடுத்தது போலத் தோன்றுகிறது. பெற்றுக்கொண்டவரைத் தேடினால் எவருமில்லை. நம் குடும்பங்களில் நோன்பையும் ஒறுத்தலையும் நன்கு அறிவோம். நோன்பை ஒருவர் தாமே தேர்ந்துகொள்கிறார். அதற்கு நாள் குறித்திருக்கிறது. மிச்சமாவது இல்லாதவருக்குப் போக வேண்டும். மேலும் நோயாளிக்கும் கடும் உழைப்பாளிக்கும் நோன்பிலிருந்து விலக்குக் கொடுப்பது நம் பழைய மரபு. விடுதியில் தவறிப்போகும் உணவுக்கு இந்த இலக்கணம் ஒன்றுமே பொருந்தவில்லை. அதற்குத் தியாகம் என்று பெயரிட்டுத் தட்டிக்கொடுப்பதனால், மாற்றியிருக்கக்கூடிய ஒன்றை மாற்றாமல் விட்டுவிடுகிறோம்.

யாருக்கும் கொடுக்கப்படாத அந்த உறக்கத்தின் கடனை வேறொருவர் கட்டவும் நேர்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் இரவுக் கடமை மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறு மணிக்கு எழுந்த ஒருத்தி, பகலில் ஒரு கண்கூட அயராமல் விரிவுரை, துணி துவைத்தல், தொலைபேசி என்று கழித்துவிட்டு இரவுக் கடமைக்குப் போகிறாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு அவள் விழித்திருப்பது பதினேழாவது மணி. விடிந்து வீடு திரும்பும்போது இருபத்தைந்தாவது மணி. 1997-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மதுசாரம் உள்ளவருடையவை போலத் தடுமாறின. இருபத்துநாலு மணி நேரத்தில் அது 0.10 பங்குக்குச் சமமானது. நம் நாட்டில் வாகனச் சாரதிக்குச் சட்டம் விதித்த எல்லை 0.08. அந்த எல்லையைத் தாண்டியவர் ஓட்டும் பஸ்ஸில் ராகலை வளைவுகளில் நம் பிள்ளையை அனுப்புவோமா? ஆனால் அதே நிலையிலுள்ள கை, விடியற்காலை நாலு மணிக்கு இன்னொருவருடைய பிள்ளைக்கு ஊசி மருந்தை அளக்கிறது. மருந்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. அமெரிக்காவில் 393 தாதியர் எழுதிவைத்த கடமைக் குறிப்புகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள்: பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை செய்தபோது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. அவர்கள் கெட்டிக்காரத் தாதிமார், அன்பில்லாதவர்களும் அல்லர். அன்பினால் மட்டும் மருந்தை அளந்துவிட முடியாது.

ஆகவே அவள் உடம்பு அவளுடையது மட்டுமே, அதை அவள் விருப்பம்போல் செலவழிக்கலாம் என்று சொல்ல இயலவில்லை. இங்கே கவனம் தேவை. இதையே திருப்பிப் பிடித்து, மாணவி மெலிந்தாலும் பருத்தாலும் அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பொறுப்பு அவளுக்கு மட்டும் என்றால் அதுவும் அநியாயமே. பத்து நிமிடத்தில் காலை உணவை முடிக்க வைக்கிற நேரசூசிகையை அவள் எழுதவில்லை. 2022-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு தாதிமார் பலர் வெளிநாடு போய்விட்டதும் அவள் குற்றமல்ல. மிஞ்சியவர்களின் சுமையில் ஒரு பங்கு அவள் தோளிலும் ஏறுகிறது. கையில் ஊசி குத்திவிட்டால் உடனே பொறுப்பானவரிடம் சொல்லி இரத்தம் சோதிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஏச்சுக்குப் பயந்து சொல்லாமல் மறைத்தால், அந்தப் பயத்தை அங்கே வளர்த்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. மஞ்சட்காமாலை பி தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும். ஆறு மாதம் பிடிக்கும். மூன்றும் போட்டாயிற்றா என்று வீட்டிலிருந்து ஒருவர் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

தாதித் தொழிலை உருவாக்கியவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். லண்டன் புனித தோமையார் ஆஸ்பத்திரியில் 1860-இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, பயிலும் பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு தனி அறை, உணவு, தேயிலை, சீனி, சலவை, சீருடை, அதோடு ஆண்டுக்குப் பத்துப் பவுண். அந்தத் தேயிலையில் இலங்கைத் தேயிலை இருக்க வழியில்லை. அப்போது இங்கே கோப்பிதான். இதில் இன்னொன்றும் உண்டு. நைட்டிங்கேல் அம்மையாரே 1855-இல் கிரிமியப் போர்க்களத்தில் காய்ச்சலில் வீழ்ந்து, அதன்பின் நெடுங்காலம் படுக்கையிலிருந்தபடியே எழுதியும் ஆலோசனை சொல்லியும் வாழ்ந்தவர். உடம்பு முறிந்தால் என்னவாகும் என்பதை அனுபவத்தில் கண்டவர். அவர் விளக்கேந்தி நிற்கும் படத்தை நாம் ஒவ்வொரு தாதியர் கல்லூரிச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம். அந்தத் தனி அறையின் கதவைப் படமாக வரைந்தவர் எவருமில்லை.

நம் நாட்டிலும் 1886 முதல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் நோயாளரைப் பராமரித்தார்கள். அவர்களுடைய தியாகத்தை மெச்சாத முதியவர்கள் இல்லை. துறவற மடத்தில் மணியடித்துத்தான் எழுவார்கள். ஆனால் மணியடித்துத்தான் உண்பார்கள், மணியடித்துத்தான் உறங்குவார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பசிக்கிறதா இல்லையா, நேரமிருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. உணவும் உறக்கமும் பணியைப் போலவே ஒழுங்கின் பகுதிகள். இன்றைய விடுதியில் அந்த மணி இல்லை. சுதந்திரம் வந்தது நல்லதே. ஆனால் மணியின் இடத்தில் வேறொன்றும் வைக்கப்படவில்லை.

"நோயாளி மூச்சுத் திணறும்போது நான் சாப்பிடப் போவதா?" என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். போக வேண்டாம், மகளே. அப்படிப்பட்ட வேளையில் பசி தெரியவும் தெரியாது. ஆனால் மாதத்தில் முப்பது காலையும் எவரும் மூச்சுத் திணறுவதில்லை. அந்த ஒரு வேளைக்குக் கைநடுங்காமல் நிற்பதற்காகத்தான் மற்ற இருபத்தொன்பது காலையும் சாப்பிடச் சொல்கிறோம். முந்தின இரவே அவித்த கடலையோ ஒரு முட்டையோ எடுத்துவைத்தால் பத்து நிமிடம் போதும். இரவுக் கடமைக்கு முன் பகலில் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் தோழிகள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ராகலை வரை வந்துகொண்டிருந்த சிறு ரயில் 1940-இல் நின்றுபோன காலம் முதல் உடப்புசல்லாவைக்குப் பஸ்தான் கதி. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மகளை ஏற்றிவிடும்போது முறுக்கும் பிஸ்கட் பெட்டியும் கட்டிக்கொடுக்கிறோம். அவற்றோடு வறுத்த நிலக்கடலை, அவித்துக் காயவைத்த பயறு, இரண்டு தோடம்பழம் ஆகியவற்றையும் வைக்கலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுதான். புறப்படுவதற்கு முன் அன்று மத்தியானம் தாயும் மகளும் ஒரே நேரத்தில், வீட்டிலுள்ள மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். பரிமாறுவதற்குத் தகப்பனுடைய கை இருக்கிறது; அண்ணனுடைய கையும் இருக்கிறது. முட்டை பொரித்தால் அன்றைக்கு அதைத் தாயின் தட்டில் வைத்துப் பாருங்கள். அவள் உடனே எடுத்து மகளின் தட்டில் போடுவாள். மகள் திருப்பி அவள் தட்டிலேயே வைக்க வேண்டும்.